பொட்டு வைத்த அடுப்பு

பட்டாசுக் கருந்திரி வைத்திருக்கிற வீட்டுக்குள் தீக்குச்சி உரசக் கூடாது. இதை எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் கண்ணெதிரே, ஒருத்தி அப்படிப்பட்ட வீட்டுக்குள் அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். அந்த அடுப்பை அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தது நான்தான். அதனால் நான்தான் அதைச் சொல்லவும் வேண்டும்.

எனக்கு அப்போது அடுப்பு வேலை. விருதுநகரில் ஒரு சின்ன அலுவலகம், அதில் ஐந்து பேர். புகை குறைவாக விடும் விறகு அடுப்பை வீடு வீடாக இலவசமாகக் கொடுப்பது, கொடுத்த அடுப்பில் சமைக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து ஃபாரம் நிரப்புவது. என் பங்குக்கு வந்தவை எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள சில ஊர்கள். எல்லாம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடுகள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்பே நான் ஸ்கூட்டியில் போய் நிற்க வேண்டும். ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் சீப்புமாகப் பறந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் "நேற்று எத்தனை கிலோ விறகு எரித்தீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் வருமோ அதுதான் வரும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஏட்டிக்குப் போட்டி பேசித்தான் அந்த ஊர்களில் ஒட்டிக்கொண்டேன்.

இலவசம் என்றதும் முதலில் "எலெக்சன் வருதாக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று விளக்கினேன். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, புகையைக் குறைப்பது என்று நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. எங்கோ குளிர் நாட்டில் ஒரு கம்பெனி. தன் புகையை முழுவதும் குறைக்க அதனால் முடியவில்லை. அதனால் நமக்கு அடுப்பு வாங்கித் தருகிறது. இங்கே நாம் எவ்வளவு புகையைக் குறைக்கிறோமோ, அவ்வளவையும் அந்தக் கம்பெனி தன் பேரில் எழுதிக்கொள்ளும். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிராமலே கேட்டாள். "அப்போ நாங்க விடாத பொகைய அவுக விட்டுக்கிடுவாகளோ?"

"அப்படி இல்ல தாயி..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் வந்து கேட்டேன். அவர்களும் "அப்படி இல்லை" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது இவளைப் பற்றித்தான். பிறகு ஒருநாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தவளும் இவள்தான். முப்பது வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து காயப்போடும் மேடையில் வேலை. கணவர் லோடு லாரியில் வட மாநிலங்களுக்குப் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. மற்ற வீடுகள் மாதிரியே இவள் வீட்டிலும் சிலிண்டர் இருந்தது. ஆனால் தீர்ந்தால் உடனே மாற்ற மாட்டார்கள். சீமைக்கருவேலம் விறகு ஓடைக்கரையில் சும்மா கிடைக்கும்போது சிலிண்டருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

புது அடுப்பின் அடியில் ஒரு சின்ன விசிறி உண்டு, பேட்டரியில் சுற்றும். பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பொத்தான் ஒட்டியிருக்கும். அது அடுப்பின் சூட்டை மணிக்கு மணி அளந்து தனக்குள் பதிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அதை செல்போனில் இறக்கி அனுப்ப வேண்டும். பெண்கள் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"இந்தப் பொட்டு எதுக்குக்கா?"

"நீங்க சமைக்கீகளா இல்லையான்னு அங்கன கோள் சொல்றதுக்கு. தெனமும் இது சூடாகணும். ஆகலன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக, பாத்துக்கோங்க."

சிரிப்பதற்காகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வருடம் ஓடியது. என் ஊர்களில் ஒரு வீடுகூடத் தவறவில்லை. செல்போனில் இறக்கும்போது ஒவ்வொரு பொட்டும் சூடானதாகவே காட்டியது, நாள்வாரியாக நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் என்னை மெச்சினார்கள், எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பாதி வீடுகளில் நான் வாசலைத் தாண்டியதில்லை. "சமைக்கீகளா?" "ஆமாக்கா." டிக். இவள் வீட்டுப் பின்கொல்லையில், வேப்பமரத்தடியில் கரிபிடித்த மூன்று கல் கிடந்தது எனக்குத் தெரியும். குளிக்க வெந்நீர் போடுவாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் ஆடி மாதம் சோதனைக்கு வந்தவர்கள் அவள் வேலைபார்த்த கம்பெனிக்கு சீல் வைத்துவிட்டார்கள். சீசன் நேரத்தில் வேன் நின்றுபோனது. சில பெண்கள் சிவகாசிக்கு அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனார்கள். சிலர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். சிலர் வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்து என்ன செய்கிறார்கள் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

கருந்திரி என்பது வெடிக்கு வைக்கிற திரி, மருந்தில் தோய்த்து உலர்த்திய நூல். அதைக் கம்பெனிக்கு வெளியே, வீட்டில் வைத்து வெட்டவோ கட்டவோ கூடாது. பிடித்தால் கேஸ். ஒரு பொறி பட்டால் கேஸ் போடுவதற்கு ஆள் மிஞ்சாது.

தை மாதத்தில் வெளிநாட்டிலிருந்து சரிபார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. நாங்கள் அனுப்புகிற கணக்கு சரியா என்று மூன்றாவது ஒருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அந்தக் குளிர் நாட்டுக் கம்பெனி அதை எடுத்துக்கொள்ள முடியும். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பருத்திச் சட்டை, பெரிய தண்ணீர் பாட்டில், தோளில் கனத்த ஒரு பை. மிக மரியாதையானவர். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குச் சிக்கல். கோபப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

காரில் போகும்போது மடிக்கணினியைத் திறந்து என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மற்ற வீடுகளில் பாருங்கள், கோடு குபுக்கென்று ஏறுகிறது, இறங்குகிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இந்த ஒரு வீட்டில் மட்டும் காலை ஒன்பது மணிக்கு மெல்ல ஏற ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு உச்சி. நாலு மணிக்கு மெல்ல இறங்கிவிடுகிறது. தினமும் இப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் கோடே இல்லை." மாதப் பெயர்களை அவர் அவருடைய பாஷையில் சொன்னார். "அந்த நாட்களில் எல்லாம் இங்கே மழை. இந்த வீட்டில் மழை பெய்தால் சாப்பிட மாட்டார்களா?"

அது எந்த வீடு என்று எண்ணைப் பார்த்தேன். இவள் வீடு.

"முதலில் அங்கேயே போவோம்" என்றார்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் வருவது முதல் நாளே எல்லா வீடுகளுக்கும் சொல்லப்பட்டிருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள். "வாங்க, வாங்கக்கா" என்று கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் கறுப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு அது. வாசற்படியைத் தாண்டியதும் வாடை வந்தது. எங்களுக்குப் பழகிப்போன வாடைதான், ஆனால் வீட்டுக்குள் வரக் கூடாத வாடை.

முன்னால் ஒரு அறை, அதன் மூலையில் சமையல். உள்ளே இன்னொரு அறை, கதவு கிடையாது, பழைய சேலையில் ஒரு திரை. திரை காற்றில் ஒதுங்கியபோது கட்டிலுக்குக் கீழே மூட்டை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுப்பிலிருந்து அந்தத் திரைக்கு ஆறு அடி எடுத்து வைத்தால் போதும்.

சரிபார்க்க வந்தவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தார், ஃபோட்டோ எடுத்தார். அடுப்பு பளபளவென்று இருந்தது. விறகு வைக்கும் வாயில் கரிக்கோடு ஒன்றுகூட இல்லை. விரலை உள்ளே விட்டுத் தேய்த்து, சுத்தமாக இருந்த அந்த விரலை எனக்குக் காட்டினார்.

"இப்போது பற்ற வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்வரை எரிந்தால் போதும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ரகசியம் பேசத் தேவையில்லை, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

"சிரிச்ச மொகமாப் பேசு. உள்ள என்ன கெடக்கு?"

அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததாக்கா?"

"எம்புட்டு?"

"நேத்துத்தான் கொண்டாந்து எறக்குனாக. நெறையாக் கெடக்கு."

"அப்போ பொட்டு எப்படிச் சூடாச்சு?"

"வெயில்ல வச்சேன்க்கா. கம்பெனில மருந்து காயப்போடுவம்ல, அதே மாதிரி. காலைல தூக்கிக் கொல்லையில வச்சு, வெயிலு போற பக்கமாத் திருப்பித் திருப்பி வைப்பேன். கம்பெனிக்குப் போன நாள்லயும் வெயிலு விழுற எடத்துல வச்சுட்டுத்தான் போவேன். பொட்டு சூடாகணும்னுதானே சொன்னீக? மளை பெஞ்சா நான் என்ன செய்ய?"

என் நிலைமையைப் பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் தவறாமல் அடுப்பைச் சூரியனுக்குக் காட்டியிருக்கிறாள். வேலை சுத்தம். ஆனால் மழைநாளில் பொட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

"இதுலயே கொல்லையில சமைச்சிருக்கலாம்ல?"

"விசிறி சுத்துனா பொறி பறக்குதுக்கா. கம்பெனிக்குப் போன காலத்துலயே சேலையில மருந்து ஒட்டியிருக்கும், பயம். மூணு கல்லுன்னா எனக்குத் தெரியும், எந்தப் பொறி எம்புட்டுத் தூரம் போகும்னு. இது எனக்குப் பிடிபடல."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"விறகு ஈரமாக இருக்கிறதாம்" என்றேன்.

"பரவாயில்லை" என்று அவர் தன் கனத்த பையைத் திறந்தார். ஒரே அளவில் வெட்டிய உலர்ந்த விறகுக் குச்சிகள், கட்டாகக் கட்டி இருந்தன. சோதனைக்கென்றே கொண்டுவந்திருக்கிறார்.

கொல்லையில் வைத்துப் பற்ற வைக்கலாமே என்றேன். காற்றில் அளவு மாறிவிடும், எந்த இடத்தில் வைத்ததாகப் பதிவில் இருக்கிறதோ அங்கேதான் என்றார். அடுத்த வீட்டில் பார்ப்போமே என்றேன். இந்த வீட்டைத்தானே பார்க்க வந்தோம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. புட்டியில் தண்ணீர் அளந்து பாத்திரத்தில் ஊற்றினார்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. உள்ளே கருந்திரி இருக்கிறது என்று சொன்னால் விஷயம் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து போலீசுக்கு. லாரியில் இருக்கும் கணவர் வந்து சேர்வதற்குள் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்பில் சமைத்ததே இல்லை, நான் பார்க்காமலே டிக் போட்டேன் என்று சொன்னால் என் வேலை போகும். என் ஊர்கள் எல்லாமே கணக்கிலிருந்து அடிபடும். மூன்றாவது வழி ஏதாவது தென்படுகிறதா என்று நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசலில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். "ஏ பாப்பா, கீழத்தெரு அத்தை வீட்ல போயி சீனி வாங்கிட்டு வா. ஓடி வராண்டாம். அங்கனயே இரு. நான் வந்து கூப்புடுவேன்." பிள்ளை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடியது.

அதன் பிறகு ஒரு சாக்கை வாளித் தண்ணீரில் முக்கினாள். நன்றாக முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கி, உள்அறை வாசலில் திரைக்கு மேலே தொங்கவிட்டாள். வாளியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் கை தானாகச் செய்கிற காரியம் அது.

"சாக்கை எதற்கு நனைக்கிறார்?" என்றார் அந்த அம்மாள்.

"வீடு குளிர்ச்சியாக இருக்கும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாள். ஸ்விட்சை அழுத்தினாள், விசிறி உர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தீப்பெட்டியை எடுத்தாள். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்து உரசும் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பாய்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தீக்குச்சி ஒடிந்து கீழே விழுந்தது.

"வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "இவர் இதில் ஒருநாளும் சமைத்ததில்லை. நான் பொய்யாக டிக் போட்டேன். பொட்டை வெயிலில் வைக்கச் சொன்னதும் நான்தான். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

அந்த அம்மாள் குனிந்து விசிறியை நிறுத்தினார். ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு, அடுப்பைப் பயன்படுத்தாததற்குக் காரணம் என்ன என்று. பழுது, புகை, பிடிக்கவில்லை, விறகு இல்லை என்று நாலு கட்டம். எந்தக் கட்டம் என்று கேட்டார்.

"பிடிக்கவில்லை" என்றேன்.

அவர் தொங்குகிற ஈரச் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். பாத்திரத்துத் தண்ணீரைத் தானே எடுத்துப்போய்க் கொல்லையில் வேப்பமரத்துக்கு ஊற்றினார். அங்கே அந்த மூன்று கல்லின் பக்கத்தில் நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்தார். காரில் ஏறியதும், "அந்தக் கல் அடுப்பு வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். முப்பது அடி இருக்கும் என்றேன். அதற்கு ஃபாரத்தில் இடம் கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

என் ஊர்கள் எல்லாமே கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மாதக் கடைசியில் என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். குளிர் நாட்டுக் கம்பெனி அவ்வளவு புகைக் குறைச்சலையும் வேறு மாநிலத்தில் எங்கோ வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

சோதனை நடந்த மறுநாள் காலையே நான் தனியாக அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்அறையில் கட்டிலுக்குக் கீழே துடைப்பம் மட்டும் கிடந்தது.

"நேத்துச் சாயங்காலமே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்க்கா. இனிமே வேண்டாம்."

"எங்க போச்சு?"

"வேற யாரு வீட்லயாவது எறக்கியிருப்பாக."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவள் மேல் மட்டும் வந்த ஆத்திரம் இல்லை அது, ஆனால் அவள்தான் எதிரில் நின்றாள். "புத்தி கெட்டவளே, எந்தத் தைரியத்துல பத்த வைக்கப் போன? முடியாதுன்னு கையை உதறிட்டு எந்திரிச்சிருக்கலாம்ல?"

"நீங்க முளிச்ச முளியப் பாத்தேன்க்கா" என்றாள் சாதாரணமாக. "பாவமா இருந்துச்சு. என்னால உங்க பொளப்பு போகக் கூடாதுல்ல. அதான், சாக்கு ஈரமாத்தானே இருக்கு, ஒரு லிட்டரு தண்ணிதானேன்னு நெனச்சேன்."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் இப்போது சிவகாசியில் அச்சாபீசுக்குப் போகிறாள். இருக்கன்குடிக்குப் போகும் வழியில் ஒருமுறை பார்த்தேன். கூட வந்த பெண்களிடம் என்னைக் காட்டி, "இந்த அக்காதான் அன்னைக்கு என் கையப் பிடிச்சுக் காப்பாத்துனது" என்றாள். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள்.

அவள் பிள்ளையைக் கீழத்தெருவுக்கு அனுப்பியபோதே எதற்காக அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியும். சாக்கை நனைத்தபோதும் தெரியும். விசிறி சுற்ற ஆரம்பித்தபோதும் தெரியும். அவ்வளவு நேரமும் நான் தடுக்கவில்லை. அந்த அம்மாள் போதும் என்று சொல்லிவிடுவார், என் வேலையும் தப்பிவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன். இதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.